பிடித்துவைக்கலாம், விற்க முடியாது: பழுதுபார்ப்புக் கடைகளில் தேங்கும் பொருளும் பாக்கியும்

மிக்ஸி, மின்விசிறி, தண்ணீர் மோட்டார், கைக்கடிகாரம், செல்போன், தையல் இயந்திரம் என எதைப் பழுதுபார்க்கும் கடையாக இருந்தாலும், உள்ளே போனால் இரண்டைப் பார்க்கலாம். ஒன்று, வேலை முடிந்தும் எடுக்க ஆள் வராத சாமான்கள் அடுக்கியிருக்கும் அலமாரி. ஒவ்வொன்றிலும் பெயரும் செல்போன் எண்ணும் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். இன்னொன்று, சாமானை எடுத்துப்போனவர்கள் தரவேண்டிய பாக்கியைக் குறித்துவைத்திருக்கும் நோட்டு.

இவ்விரண்டையும் ஒரே பிரச்சினையாகத்தான் பொதுவாகப் பேசுகிறோம். "வாடிக்கையாளர் இழுத்தடிக்கிறார்" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். உண்மையில் இவை இரண்டும் வேறு வேறு. அலமாரியில் தேங்குவது உரியவருக்கு இனித் தேவைப்படாத பொருள். நோட்டில் தேங்குவது உரியவருக்கு உடனே தேவைப்பட்ட பொருளின் கூலி. சட்டம் பழுதுபார்ப்பவருக்குத் தரும் ஒரே பாதுகாப்பு, கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைக்கலாம் என்பது. தேவைப்படாத பொருளைப் பிடித்துவைத்துப் பயனில்லை; தேவைப்படும் பொருளைப் பிடித்துவைக்க ஊர்ப்பழக்கம் விடுவதில்லை. இந்த இடைவெளியில்தான் சிறிய கடைகளின் வருமானம் கரைகிறது.

தேவைப்படும் பொருள், வராத பணம்

கிராமங்களிலும் சிறுநகரங்களிலும் மோட்டார் காயில் கட்டும் கடைகளை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம். ஆனால் குறைந்த அழுத்தத்திலும், மும்முனையில் ஒரு முனை விட்டுப்போன நேரத்திலும் ஓடும் மோட்டார் சூடேறிக் காயில் கருகிவிடும். மோட்டாரைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு விவசாயி கடைக்கு வரும்போது வயலில் பயிர் காய்ந்துகொண்டிருக்கும்.

காயில் கட்டுபவரின் வேலை பொறுமை கேட்பது. எரிந்த கம்பியை வெட்டி எடுக்கும்போதே ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, கம்பி எத்தனை கேஜ் என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்டேட்டரின் ஒவ்வொரு காடியையும் சுரண்டிச் சுத்தம் செய்து இன்சுலேஷன் தாள் செருக வேண்டும். எனாமல் பூசிய புதுச் செம்புக் கம்பியை அதே கணக்கில் சுற்றி, கீறல் விழாமல் காடிக்குள் இறக்கி, நூலால் கட்டி, வார்னிஷ் ஊற்றி உலர்த்த வேண்டும். பேரிங் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றி, ஓடவிட்டு ஆம்பியர் பார்த்த பிறகுதான் வேலை முடிந்தது என்று சொல்ல முடியும். இதில் கம்பியும் பேரிங்கும் கடைக்காரர் கைக்காசு போட்டோ மொத்த வியாபாரியிடம் கடன் சொல்லியோ வாங்கியவை.

மோட்டார் தயாரானதும் விவசாயி அன்றே வந்து நிற்பார். "அண்ணே, அறுப்பு முடிஞ்சதும் மொத்தமா தந்துடுறேன்" என்பார். அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல முடியாது. பணம் வருவது அறுவடைக்குப் பிறகு. மோட்டார் எரிவது கோடையில். நாற்று வாடும்போது மோட்டாரை நிறுத்திவைக்கும் கடைக்காரர் அந்த ஊரில் தொழில் செய்ய முடியாது. அவர் மனமும் அதற்கு இடம்கொடாது. மோட்டார் போய்விடுகிறது, நோட்டில் ஒரு வரி ஏறுகிறது. அறுவடையில் விலை சரிந்தால் அந்த வரி அடுத்த பட்டத்துக்குத் தள்ளிப்போகிறது.

தேவைப்படாத பொருள், வராத ஆள்

மிக்ஸியின் கதை வேறு. "என்னன்னு பாருங்க" என்று கொடுத்துவிட்டுப் போகிறார் வாடிக்கையாளர். கடைக்காரர் பிரித்துப் பார்த்து ஆர்மேச்சர் போயிருக்கிறது என்று சொல்லி, சம்மதம் பெற்று மாற்றிவைக்கிறார். அதற்குள் வீட்டில் சட்னி அரைக்க வழியில்லை. பண்டிகைத் தள்ளுபடியிலோ மாதத் தவணையிலோ புது மிக்ஸி வந்துவிடுகிறது. அதன் பிறகு பழையதை எடுக்க ஒரு தொகை கொடுப்பது அவருக்கு வீண்செலவாகத் தெரிகிறது. வேண்டாம் என்று சொல்லவும் கூச்சம். "சாயங்காலம் வரேன்" என்று சில முறை சொல்லிவிட்டு, பிறகு போனை எடுப்பதில்லை. திரை உடைந்த செல்போனுக்கும் கடிகாரத்துக்கும் இதே கதைதான். புதுப்பொருள் எளிதாகக் கிடைக்கக் கிடைக்க, பழுதுபார்க்கக் கொடுத்தது அநாதையாகும் வாய்ப்பும் கூடுகிறது.

கடைக்காரர் பக்கத்துத் தவறுகளையும் சொல்லத்தான் வேண்டும். உதிரிபாகம் வராத நிலையில் "நாளைக்கு வாங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொல்வது, மூன்று முறை அலைந்தவரை நான்காம் முறை வரவிடாது. அறுநூறு ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டு, கேட்காமலே வேறு பாகத்தையும் மாற்றி ஆயிரத்து நூறு கேட்டால், வாடிக்கையாளர் பொருளை அங்கேயே விட்டுவிடுவதில் நியாயம் இருக்கிறது. தாமதத்தைக் குறைக்க நினைப்பவர் முதலில் சரிசெய்ய வேண்டியது வாய்ச்சொல்லாக நடக்கும் இந்தப் பேரத்தைத்தான்.

ஒரு சிறு கணக்கு

இந்த இழப்பு வெளியே தெரிவதைவிடப் பெரியது. எடுத்துக்காட்டாக, ஒரு வேலைக்குக் கூலியும் பாகமும் சேர்த்து ரூ.3,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் கம்பி, பேரிங் போன்றவற்றுக்கு ரூ.1,800 போனால், கடைக்காரரின் உழைப்புக்கு நிற்பது ரூ.1,200. பத்து வேலைக்கும் பணம் வந்தால் அவருக்கு ரூ.12,000. அந்தப் பத்தில் இரண்டுக்கு மட்டும் பணம் வரவில்லை என்றால்? எட்டு வேலையில் வரும் ரூ.9,600-லிருந்து, வராத இரண்டுக்குப் போட்ட பாகத்தின் விலை ரூ.3,600-ஐக் கழிக்க வேண்டும். கையில் நிற்பது ரூ.6,000. ஐந்தில் ஒருவர் பணம் தராவிட்டால் உழைப்பின் வருமானம் பாதியாகிவிடுகிறது. கடை வாடகையும் மின்கட்டணமும் இந்தப் பாதியிலிருந்துதான் போக வேண்டும். கூலியை மட்டும் இழப்பவரைவிட, கைக்காசு போட்டுப் பாகம் வாங்கியவர் அடையும் நட்டம் இப்படித்தான் பெருகுகிறது.

சட்டம் தரும் உரிமை

ஒருவர் தம் பொருளை ஒரு வேலைக்காக இன்னொருவரிடம் ஒப்படைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெறும் உறவை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 148ஆம் பிரிவு முதல் விரிவாகப் பேசுகிறது. பழுதுபார்ப்பவருக்கு உரியது 170ஆம் பிரிவு. பொருள்மீது உழைப்பையோ திறமையையோ செலுத்தி, ஒப்புக்கொண்டபடி வேலையை முடித்தவர், அதற்குரிய கூலி கிடைக்கும்வரை அந்தப் பொருளைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம் என்கிறது அது. வேறுவிதமாக ஒப்பந்தம் செய்திருந்தால் இந்த உரிமை இல்லை.

சட்டமே இதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறது. பட்டை தீட்டாத வைரத்தை வாங்கித் தீட்டிக் கொடுத்த நகைத்தொழிலாளி, கூலி வரும்வரை கல்லைப் பிடித்துவைக்கலாம். துணியை வாங்கிக் கோட்டு தைக்கும் தையற்காரர், தைத்ததும் கொடுத்துவிடுவதாகவும் பணத்துக்கு மூன்று மாதத் தவணை தருவதாகவும் சொல்லியிருந்தால், கோட்டைப் பிடித்துவைக்க முடியாது. இந்த இரண்டாவது எடுத்துக்காட்டு நம் காயில் கடைக்காரருக்கென்றே எழுதியதைப் போல இருக்கிறது. "அறுப்பு முடிஞ்சு தாங்க" என்று சம்மதித்த நொடியிலேயே மோட்டார்மீது அவருக்கிருந்த பிடி தளர்ந்துவிடுகிறது. மோட்டார் கடையை விட்டு வெளியேறியதும் அது முழுதாகப் போய்விடுகிறது. பாக்கியை வசூலிக்க அவரிடம் மிஞ்சுவது, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடும் உரிமை. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், தவணை எதுவும் குறிக்காத கூலிக்கு அந்தக் கெடுவைத்தான் தருகிறது. மூவாயிரம் ரூபாய்க்காகக் கடையை அடைத்துவிட்டு நீதிமன்றம் ஏறி இறங்க யாராலும் முடியாது.

கடைக்காரர்கள் பலர் அறியாத இன்னொரு எல்லையும் உண்டு. பழைய மின்விசிறியின் பாக்கிக்காக இன்று வந்த மோட்டாரைப் பிடித்துவைக்க 170ஆம் பிரிவு அனுமதிக்கவில்லை. எந்தப் பொருளில் வேலை செய்தாரோ அந்தப் பொருளை, அந்தக் கூலிக்காக மட்டும்தான் பிடித்துவைக்கலாம். எல்லாப் பாக்கிக்கும் சேர்த்துப் பிடித்துவைக்கும் பொது உரிமையை 171ஆம் பிரிவு வங்கிகள், உயர் நீதிமன்ற வழக்கறிஞர்கள், துறைமுகக் கிடங்கு நடத்துபவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் தந்திருக்கிறது. மற்றவர்கள் அதை வெளிப்படையான ஒப்பந்தத்தால்தான் பெற முடியும்.

கண்டெடுத்தவருக்கு உண்டு, உழைத்தவருக்கு இல்லை

பிடித்துவைத்த பொருளை எடுக்க ஆளே வராவிட்டால் என்ன செய்வது? இங்கேதான் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெரிய குறை வெளிப்படுகிறது. 170ஆம் பிரிவு பிடித்துவைக்கச் சொல்கிறது. விற்கும் உரிமையைத் தரவில்லை.

அதற்கு முந்தைய 169ஆம் பிரிவைப் பாருங்கள். வழியில் கிடந்த பொருளைக் கண்டெடுத்துப் பாதுகாத்தவர், உரியவரை முறையாகத் தேடியும் கிடைக்காவிட்டாலோ, கிடைத்தும் அவர் நியாயமான செலவைத் தர மறுத்தாலோ, சில நிபந்தனைகளின்பேரில் அதை விற்கலாம். பொருள் அழியும் நிலையிலோ மதிப்பின் பெரும்பகுதியை இழக்கும் நிலையிலோ இருக்க வேண்டும். அல்லது செலவு அதன் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எட்டியிருக்க வேண்டும். அடகு பிடித்தவர் முன்னறிவிப்புக் கொடுத்து விற்க 176ஆம் பிரிவு வழிவிடுகிறது. விலை கிடைக்காத விற்பனையாளர், அறிவிப்புக் கொடுத்துச் சரக்கை மறுபடி விற்க 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 54ஆம் பிரிவில் இடம்தருகிறது. கண்டெடுத்தவர், அடகுக்காரர், விற்பனையாளர் ஆகிய மூவருக்கும் கிடைத்த வழி, அந்தப் பொருளில் தம் உழைப்பையும் கைக்காசையும் போட்ட பழுதுபார்ப்பவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. அவர் பொறுமையிழந்து விற்றுவிட்டால், உரியவர் திரும்பி வந்து இழப்பீடு கேட்கலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவில் நம்பிக்கை மோசடி என்று காவல் நிலையத்தில் புகாரும் கொடுக்கலாம். புகார் நிற்குமா என்பது பிறகு. அதற்குள் அவர் படும் அலைச்சலே தண்டனை.

நமக்கு இந்தச் சட்டத்தை எழுதிக்கொடுத்த பிரிட்டன், தன் நாட்டில் இந்தக் குறையை எப்போதோ சரிசெய்துவிட்டது. எடுக்கப்படாத பொருள்களுக்கென 1952இல் அங்கே தனிச்சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பழுதுபார்ப்பவர் பதிவு அஞ்சலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். கூலி பாக்கியிருந்தால் குறைந்தது மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். பிறகு பொருளை விற்றுத் தம் கூலியையும் செலவையும் எடுத்துக்கொண்டு, மீதிக்கு உரியவரிடம் கணக்குச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலும் 1995இல் இதற்கெனவே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. உரியவரின் சொத்துரிமையும் தொழிலாளியின் கூலியும் ஒன்றையொன்று விழுங்காமல் காக்க முடியும் என்பதற்கு இவை சான்று.

காத்திருப்பின் பாரம்

அலமாரியில் கிடக்கும் பொருள் சும்மா கிடப்பதில்லை. தம் சொந்தப் பொருளை ஒரு சராசரி மனிதர் எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ, அவ்வளவு கவனத்துடன் அதைக் காக்க வேண்டும் என்கிறது 151ஆம் பிரிவு. மழைநீர் இறங்கிக் கெட்டாலும் எலி கடித்தாலும் கேள்வி கடைக்காரரை நோக்கித்தான் வரும். பழைய செல்போனில் உப்பிவரும் பேட்டரி தீ ஆபத்து. அதற்குள் இருக்கும் படங்களும் வங்கி விவரங்களும் வேறொரு பொறுப்பு.

இதிலிருந்து தப்பிக்கத்தான் "30 நாட்களுக்குள் எடுக்காத பொருள்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற பலகை பல கடைகளில் தொங்குகிறது. அந்தப் பலகையை மட்டும் நம்பி இருக்க முடியாது. சலவைக்குக் கொடுத்த புதுச்சேலை தொலைந்த வழக்கு ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1966ஆம் ஆண்டுத் தொகுப்பில் பதிவான அந்த வழக்கில், தொலைந்தால் சந்தை விலையில் ஒரு பகுதியைத்தான் தருவோம் என்று ரசீதில் அச்சிட்டிருந்த நிபந்தனையைப் பொதுநலனுக்கு எதிரானது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. ரசீதில் அச்சான வரியே நிற்காதபோது, சுவரில் தொங்கும் வரி கவனக்குறைவை மறைக்கும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல.

வைத்திருந்ததற்கு வாடகை கேட்கலாமா? 1860இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, கூலிக்காகக் கப்பலைப் பிடித்துவைத்திருந்த பழுதுபார்ப்பு நிறுவனம் அதை நிறுத்திவைத்த இடத்துக்கு வாடகை கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. தம் பாதுகாப்புக்காகப் பிடித்துவைத்தவர் அந்தச் செலவை அடுத்தவர் தலையில் கட்ட முடியாது என்பது அதன் நியாயம். ஆகவே, வாடகை வேண்டுமென்றால் அதைப் பொருளை வாங்கும்போதே எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும்.

இன்றே கடையில் செய்யக்கூடியவை

சட்டம் மாறும்வரை கடைக்காரர் கைகட்டி நிற்கத் தேவையில்லை. மேலே பார்த்த கணக்கிலிருந்தே முதல் விதி கிடைக்கிறது: பாகத்தின் விலை முன்பணமாக வந்த பிறகே பாகத்தை வாங்க வேண்டும். அதே எடுத்துக்காட்டில் ரூ.1,800 முன்பணமாக வந்திருந்தால், இரண்டு பேர் வராமலே போனாலும் கடைக்காரருக்கு ரூ.9,600 நிற்கும். வருமானம் பாதியாவதற்குப் பதில் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். முன்பணம் கொடுத்தவர் பொருளை எடுக்கவும் வருவார். யுபிஐ வந்த பிறகு "கையில காசு இல்லை" என்ற பதிலுக்கும் வலுக் குறைந்துவிட்டது. பிரித்துப் பார்ப்பதற்குத் தனியாக ஒரு சிறு கட்டணமும் முதலிலேயே வாங்கலாம்.

இரண்டாவது, ஜாப் கார்டு. பொருள், அதன் நிலை, சொன்ன பழுது, மதிப்பீட்டுத் தொகை, எடுக்க வேண்டிய நாள், அதற்குப் பிறகு வாரத்துக்கு எவ்வளவு வாடகை, எத்தனை மாதம் கழித்து எந்த முறையில் அறிவித்து விற்கப்படும் என்பவற்றைத் தமிழில் தெளிவாக எழுதி, வாடிக்கையாளரின் கையெழுத்தைப் பெறவேண்டும். பழைய பாக்கிக்கும் சேர்த்துப் பிடித்துவைக்கும் உரிமை வேண்டுமானால் அதையும் இங்கேதான் எழுத வேண்டும். சுவரில் தொங்கும் பலகைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இதில் இருவரின் சம்மதமும் இருக்கிறது என்பது. நிபந்தனைகள் நியாயமாக இருந்தால்தான் அவை நிற்கும்.

மூன்றாவது, வேலை முடிந்ததும் வாட்ஸ்அப்பில் பொருளின் படத்தோடும் தொகையோடும் ஒரு செய்தி. மதிப்பீடு கூடினால் வேலையைத் தொடங்குமுன் இன்னொரு செய்தி. 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதிநியமம், உரிய சான்றிதழோடு மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்கிறது. வழக்கு வரை போகாவிட்டாலும், தேதியோடு இருக்கும் செய்தி வாக்குவாதத்தைப் பாதியில் நிறுத்திவிடும்.

பெரிய பாக்கிகளுக்கு வழக்குக்கு முந்தைய சமரசமாக மக்கள் நீதிமன்றத்தை அணுகலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி அங்கே இருதரப்பும் உடன்பட்டு முடிக்கும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். தொழிற்சாலைகளுக்கு வேலை செய்யும் சிறுகடைகள் உத்யம் பதிவு செய்துகொண்டு, 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் தமக்குப் பொருந்துமா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. பேசிக்கொண்ட தவணை எதுவானாலும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி என்கிறது அந்தச் சட்டம்.

விவசாயிக்குக் கடன் கொடுப்பதை இந்த விதிகள் ஒழித்துவிடா, ஒழிக்கவும் கூடாது. அந்தக் கடன் ஊரின் பயிரைக் காக்கிறது. ஆனால் கம்பியின் விலையை முன்பணமாக வாங்கிக்கொண்டு கூலியை மட்டும் அறுவடைக்கு விட்டால், கடைக்காரர் தாங்கக்கூடிய அளவில் அது நிற்கும்.

அரசு செய்ய வேண்டியது

2022இல் ஒன்றிய அரசின் நுகர்வோர் நலத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்து, அதற்கென ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. உதிரிபாகமும் தொழில்நுட்ப விவரமும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பது நல்ல நோக்கம். ஆனால் பாகம் கிடைத்தும் கூலி கிடைக்காவிட்டால் கடை மூடிவிடும். குறையுள்ள சேவைக்காக வாடிக்கையாளர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணமே இல்லை. அந்தப் பாதுகாப்பு அவசியமானது. அதே அளவு எளிய வழி கூலிக்காகக் காத்திருப்பவருக்கும் வேண்டும்.

ஒப்பந்தங்கள் அரசமைப்புச் சட்டத்தின் பொதுப்பட்டியலில் இருப்பவை. ஆகவே தமிழ்நாடு சட்டமன்றமே, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு, 170ஆம் பிரிவில் ஒரு திருத்தம் கொண்டுவர முடியும். எழுத்திலான அறிவிப்பு, மூன்று மாதக் கெடு, விற்ற விலைக்கான கணக்கு, மிச்சத்தை உரியவருக்குத் தரும் கடமை, செல்போன் போன்றவற்றில் தகவலை அழித்த பிறகே விற்க வேண்டும் என்ற விதி, விலைபோகாதவற்றைப் பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க அனுமதி ஆகியவை அதில் இருந்தால் போதும். கண்டெடுத்தவருக்கு 1872இலேயே கிடைத்ததை, உழைத்தவருக்கு இன்றாவது தருவதாக அது அமையும்.

வாடிக்கையாளர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. புதியது வாங்கிவிட்டோம், பழையது வேண்டாம் என்றால் போனை எடுக்காமல் ஒளிய வேண்டியதில்லை. "எனக்கு இனி வேண்டாம், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி எழுதி அனுப்பி, மாற்றிய பாகத்தின் விலையைக் கொடுத்துவிடலாம். அந்த ஒரு வரி போதும், கடைக்காரர் அதை விற்கவும் பாகங்களைக் கழற்றி வேறு மிக்ஸியில் போடவும் முடியும்.